மச்சான் எடுத்த வீடியோ

என் மனைவியின் அண்ணனிடம் நேரில் பேசும்போது 'நீங்க' என்றுதான் சொல்வேன். மனதுக்குள் அவன்தான். இதை மனதுக்குள்ளிருந்து சொல்வதால் அவன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். மரியாதைக் குறைவாகப் பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும்.

நான் பஸ் டிரைவர். அவன் அதே டிப்போவில் டிக்கெட் செக்கர். அவன் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுத்தவனுக்கே கை நடுங்கும். அவனைப் பொறுத்தவரை உலகத்தில் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள், இன்னும் பிடிபடாதவர்கள் இருக்கிறார்கள், மூன்றாவதாக ஒரு வகை கிடையாது. தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து என்னை இரண்டாவது வகையில் வைத்திருந்தான். நான் எப்போது மாட்டுவேன் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தான்.

என்னை மாட்டிவிட்டது என் முதுகு. வலி முதுகின் அடியில், இடுப்பு எலும்புக்குள், விரல் வைத்துக் காட்ட முடியாத ஆழத்தில் ஆரம்பித்தது. காலையில் கண் விழித்தால் உடம்பு பலகையாகக் கிடக்கும். நேராக எழ முடியாது. ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தள்ளி, கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்வதற்குள் சமையலறையில் பால் பொங்கி அடங்கிவிடும். குதிகாலைத் தரையில் வைத்தால் உயிர் போகும். குனிந்து பல் தேய்க்க முடியாமல் நின்றபடியே துப்பி, குளியலறைக் கண்ணாடி முழுக்க நுரையாக இருக்கும். அதையும் துடைக்கக் குனிய வேண்டும்.

காலை முதல் ட்ரிப்தான் நரகம். கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் குதிகாலில் ஒரு வெட்டு வெட்டும். பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தோளோடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்புவேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக, ஏணியில் இறங்குகிற மாதிரி இறங்குவேன். வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும். சாயங்காலம் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் வாலிபால் ஆடுவோம். பந்தைத் தொட்டுக் கொஞ்ச நேரத்தில் முதுகு எனக்குச் சொந்தமாகிவிடும். வலை ஓரத்தில் எகிறி நான் அடிக்கிற அடியை எடுக்க அந்த டிப்போவில் ஆள் கிடையாது. அந்த நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கிழவன், சாயங்காலம் வாலிபன். டிப்போவில் எனக்கு 'சாயங்காலம்' என்றே பெயர் விழுந்தது. "சாயங்காலம் வந்தாச்சா? இன்னும் விடியவே இல்லையே" என்பார்கள். வைத்தது யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. முதல் டாக்டர் என் தொழிலைக் கேட்டதுமே பேனாவை மூடிவிட்டார். பஸ் ஓட்டுகிறவனுக்கு முதுகு வலிக்காமல் மூக்கா வலிக்கும் என்று சிரித்தார். இரண்டாமவர் எலும்பு டாக்டர். எக்ஸ்ரே எடுத்து, தண்டுவடம் அருமையாக இருக்கிறது என்று எனக்கே காட்டி, இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் ஓய்வும் எழுதிக் கொடுத்தார். லீவு போட்டுப் படுத்தேன். படுக்கப் படுக்க வலி கூடியது. லீவு முடிந்தபோது கட்டிலிலிருந்து என்னைப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாமவர் கனிவானவர். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, மனசில் ஏதாவது அழுத்தமா என்று கேட்டார். இருக்கிறது, செக்கராக இருக்கிறது என்று நாக்கு நுனிவரை வந்தது.

மூன்று பேரிடமும் ஒன்றை மறைத்தேன். வாலிபால். அதைச் சொன்னால் ஆடக் கூடாது என்பார்கள் என்கிற பயம் பாதி. மீதிப் பாதி, யார் நம்புவார்கள் என்பது. குனிந்து செருப்பு மாட்ட முடியாதவன் எகிறிக் குதித்துப் பந்தடிக்கிறான் என்றால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. எனக்கு எதிரான சாட்சியை நானே கொண்டுபோய் நீட்டுவேனா? அதனால் ஆடி முடித்துக் குளித்துவிட்டு, முதுகு இளகியிருக்கும் சாயங்கால நேரத்தில்தான் டாக்டர்களைப் பார்க்கப் போவேன். அவர்கள் குனியச் சொல்வார்கள். ஓரளவு குனிவேன். பிறகென்ன, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

நான் மறைத்ததை என் மச்சான் மறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்து, தன் செல்போனை டிவியில் இணைத்தான். ஏதோ கல்யாண வீடியோ காட்டப் போகிறான் என்று நினைத்தேன். திரையில் நான் வந்தேன். பஸ்ஸிலிருந்து பின்பக்கமாக இறங்குகிறேன். நின்று மூச்சு வாங்குகிறேன். ஷெட்டின் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். அடுத்த காட்சியில் மைதானம். எகிறுகிறேன், அடிக்கிறேன், கையைத் தூக்கிக் கத்துகிறேன். மறுபடியும் காலை, மறுபடியும் சாயங்காலம். எங்கெங்கோ மறைந்து நின்று, பஸ் கண்ணாடி வழியாக, தூணுக்குப் பின்னாலிருந்து, மூன்று வருடமாக எடுத்து ஒட்டியிருந்தான். கேஸ் பழுக்கட்டும் என்று காத்திருந்தானாம்.

மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"காலை ஷிப்டுக்கு டிமிக்கி குடுக்க எவ்வளவு கஷ்டப்படறாரு பாருங்க. மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா தமாஷுக்கு" என்றான் அவன்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். அவள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர். வயிற்றுவலி என்று அழுகிற பிள்ளை நிஜமாக அழுகிறதா, வீட்டுப்பாடம் செய்யாததால் அழுகிறதா என்று பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தப் பார்வையால் என்னைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து காலையில் அவள் கொண்டுவந்து முதுகுக்கடியில் வைக்கும் வெந்நீர்ப் பை நின்றுபோனது. நான் கேட்கவில்லை. அவளும் சண்டை போடவில்லை. ஒரே ஒரு நாள், நான் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழ முயன்றுகொண்டிருக்கும்போது வாசலில் நின்று, "யாரும் பாக்கலைங்க, சாதாரணமா எந்திரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தை என் முதுகைவிட மோசமாக வலித்தது. அன்றைக்கு மனதுக்குள் ஒன்று கறுவிக்கொண்டேன். இந்தச் செக்கரை ஒரு நாள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி செய்யாமல் விடப் போவதில்லை. எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

அவன் வீட்டோடு நிற்கவில்லை. டிப்போ மேனேஜரிடம் புகார் கொடுத்தான். நோய் என்று பொய் சொல்லி முதல் ட்ரிப்பைத் தட்டிக் கழிக்கப் பார்க்கிறார், சொந்தக்காரர் என்று பார்க்காமல் கடமைக்காகச் சொல்கிறேன் என்று சொன்னானாம். மேனேஜர் கூப்பிட்டு விட்டார். அவருடைய மனைவிக்கு மூட்டுவலி பார்த்த ஒரு டாக்டரம்மா இருந்தார். எலும்பு டாக்டர் இல்லை, மூட்டு நோய்களுக்கென்றே படித்தவர், கறாரானவர், பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டார். அவரிடம் போய் நோய் உண்டு என்று வாங்கி வந்தால் ஷிப்ட் மாற்றித் தருகிறேன், இல்லை என்றால் வேலையை மறந்துவிடு என்றார் மேனேஜர். கூடவே சாட்சியாகப் போய்வரச் செக்கரையும் அனுப்பினார். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அறையில் கை விரல்கள் வீங்கியவர்கள், கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்தான். யாரிடம் டிக்கெட் இல்லை என்று தேடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்து என் முதுகு இறுகிவிட்டது. பெயரைக் கூப்பிட்டபோது எழ இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. "ஆரம்பிச்சுட்டீங்களா மாப்ள" என்றான் மெதுவாக.

டாக்டரம்மா வயதானவர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் கேள்வி கேட்டார். நான் வழக்கமான பதில்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ட்யூட்டியால் வலிக்கிறது, குண்டும் குழியுமான ரோடு. அப்போது மச்சான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, உண்மை வேறு என்றும் தன்னிடம் ஆதாரம் இருக்கிறது என்றும் சொன்னான். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இவர் காட்டுவதை நான் பார்க்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். வேண்டாம் என்றால் அதுவே ஒப்புக்கொண்டதாகிவிடும். பார்க்கட்டும் என்றேன். வேலை போனது, பெண்டாட்டியின் நம்பிக்கை ஏற்கெனவே போய்விட்டது என்று கணக்கை முடித்துக்கொண்டேன்.

அவர் பார்த்தார். சிரிக்கவில்லை. முழுவதும் பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். நான் பஸ்ஸிலிருந்து இறங்குகிற இடத்தில் நிறுத்தினார். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆடின பிறகு வலி எப்படி இருக்கும்?"

இத்தனை நாள் நான் மறைத்துவந்த விஷயம். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"போயிடும் டாக்டர்."

"ரெஸ்ட் எடுத்தா?"

"அதிகமாகும்."

"இத ஏன் இதுவரைக்கும் எந்த டாக்டர்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா நடிக்கறேன்னு நெனைப்பாங்கன்னுதான்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மச்சானைப் பார்த்து, இவரைப் பற்றி வேறு ஏதாவது இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் கட்சிக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்தான். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். நடு இரவில் எழுந்து வீட்டுக்குள் நடப்பாராம், தங்கச்சி சொன்னாள், தூக்கம் வராத அளவுக்கு மனசில் கள்ளம். ஒரு வாரம் ஒரு கண் மட்டும் ரத்தமாகச் சிவந்து வந்தார், தண்ணி போட்டிருப்பார், அதற்கும் வீடியோ இருக்கிறது. கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பாமல் ஆளே திரும்புவார், பந்தா. குதிகால் வலி என்று புதுச் செருப்புக்கு அலைவார். அவன் குற்றம் சொல்லச் சொல்ல டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தார். நாலு டாக்டர் கேட்டு வாங்க வேண்டியதை அவன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

பிறகு என்னைப் படுக்க வைத்தார். இடுப்பின் இரண்டு பக்கமும் அழுத்தினார். நான் கத்தியது வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். குனியச் சொல்லி முதுகில் டேப் வைத்து அளந்தார். குதிகாலை அழுத்தினார். கண் சிவந்தபோது வெளிச்சம் கூசியதா என்று கேட்டார். கூசியது. எழுந்து உட்காரக் கை கொடுத்தபடி அவர் மச்சானிடம் சொன்னார்.

"இது நடிப்பில்ல. இப்படி நடிக்கணும்னா அவர் என்னோட சேர்ந்து படிச்சிருக்கணும்."

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். முடிவைக் கேட்கப் போன நாளில் என் மனைவியும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கைப்பையோடு வாசலில் நின்றாள். மச்சானும் வந்தான். டாக்டரம்மா எதையோ தப்பாகப் புரிந்துகொண்டார், ஸ்கேன் வந்தால் சாயம் வெளுத்துவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். அங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ். வாயில் நுழைய ஒரு வாரம் ஆனது. உடம்பைக் காக்க வேண்டிய படையே திரும்பி நின்று முதுகின் மூட்டுகளைத் தாக்குகிறது என்று புரியும்படி சொன்னார். இது இளவயதிலேயே ஆரம்பிக்கும், ஓய்வில் கூடும், அசைந்தால் குறையும், கண்ணையும் குதிகாலையும் சில சமயம் பிடிக்கும். ஸ்கேனைத் திருப்பிக் காட்டினார். முதுகெலும்பு வந்து இடுப்பில் உட்காருகிற இடம். இரண்டு எலும்புக்கு நடுவே ஒரு கோடு தெரிய வேண்டும். வலது பக்கம் அழிந்தும் அழியாமலும் ஒரு கோடு இருந்தது. இடது பக்கம் கோடே இல்லை.

"இந்தப் பக்கம் ஒட்டிப்போச்சு. இனிமே பிரியாது. மீதிய காப்பாத்தலாம், மருந்து இருக்கு, ஊசி இருக்கு. ஆடறத மட்டும் விட்டுடாதீங்க, இத்தனை நாள் உங்களக் கொஞ்சமாவது காப்பாத்துனது அதுதான்."

என் மனைவி கேட்டாள்.

"முன்னாடியே வந்திருந்தா இது ஒட்டியிருக்காதா டாக்டர்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்து, நான் பந்தாடுவதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். சரிதான், என் பங்கு அது. பிறகு மச்சானின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த போனைப் பார்த்தார்.

"அந்த மொத வீடியோ எடுத்து மூணு வருஷம் ஆகுது. அன்னிக்கே அது ஒரு டாக்டர் கண்ணுல பட்டிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காதுன்னுதான் நெனைக்கறேன்."

என் நோய் மூன்று வருடமாக அவன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடி அலைந்தது, அவன் போனைத் தட்டினால் கிடைக்கிற இடத்தில் இருந்திருக்கிறது. அதை அவன் டிவியில் போட்டுச் சிரித்தான். என் எலும்பு ஒட்டிக்கொண்டிருக்க, அவன் கேஸ் பழுக்கக் காத்திருந்தான். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை பற்றியெரிந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ கூப்பிடுவதாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தான். போன் அடிக்கவே இல்லை.

"இருங்க மச்சான். முழுசா கேட்டுட்டுப் போங்க" என்றேன்.

உட்கார்ந்தான். ஊசி எப்படிப் போடுவது, எந்த நோய்த்தொற்று வந்தால் நிறுத்துவது, படுக்கும்போது தலையணை எவ்வளவு உயரம் என்பதுவரை உட்கார்ந்து கேட்டான். அன்றைக்கு எனக்கு அது போதும் என்று பட்டது. அவன் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமாகவே இருந்திருக்கும்.

ஷிப்ட் மாறி மத்தியான வண்டிக்குப் போன முதல் நாள், டிப்போ வாசல் டீக்கடையில் கூட்டம். நடுவில் அவன். "நான் மட்டும் வீடியோ எடுக்கலைன்னா என் மாப்ள கூன் விழுந்தே போயிருப்பாரு. பெரிய டாக்டரே அசந்து போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குச் 'சாயங்காலம்' என்று பெயர் வைத்துச் சிரித்த அதே வாய்கள் அவனைப் புகழ்ந்தன. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். மாமியார் அக்கம்பக்கமெல்லாம் என் மகன்தான் கண்டுபிடித்தான் என்று சொல்லியிருக்கிறார். என் மூன்று வருடத்தை எடுத்து மெடலாக அடித்து மார்பில் குத்திக்கொண்டான். அன்று வந்த ஆத்திரத்தில் வாலிபால் வலையையே அறுத்திருப்பேன்.

வழி காட்டியது டாக்டரம்மாதான், அவருக்கே தெரியாமல். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, நான் காலையில் எழுவதை வாரம் ஒருமுறை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். என் மனைவி கட்டில் பக்கத்தில் நின்று எடுத்தாள். புரளுவது, காலைத் தள்ளுவது, கையை ஊன்றுவது, முனகல், எல்லாம். டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டு என் கட்டைவிரல் கீழே இறங்கி மச்சான் பெயரில் நின்றது. அவனுக்கும் அனுப்பினேன். அடியில் எழுதினேன்: 'நீங்க கண்டுபிடிச்ச நோய் மச்சான். காலை வணக்கம்.'

டாக்டருக்கு வாரம் ஒன்று. அவனுக்குத் தினம் ஒன்று.

முதலில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற படம் ஒன்றை அனுப்பினான். சில நாளில் அதுவும் நின்றது. ஆனால் பார்த்துவிட்டான் என்பதற்கான நீலக் கோடு மட்டும் தவறாமல் விழும். செக்கர் இல்லையா, எதிரே வந்ததைப் பார்க்காமல் விட அவனால் முடியாது. போனில் என்னை பிளாக் பண்ணவும் வழியில்லை. டிப்போவில் எல்லாரும் அவனிடம்தான் என் உடம்பைப் பற்றி விசாரிப்பார்கள், கண்டுபிடித்தவன் அவனல்லவா. எனவே பார்த்தான். தினமும் விடிந்ததும் நான் அவன் கையில் கிடந்து முனகினேன்.

ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டான். இளைத்திருந்தான். போன் பைக்குள் இருந்தது, வெளியே எடுக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "போதும் மாப்ள. காலைல டீ எறங்க மாட்டேங்குது" என்றான்.

"டாக்டர் சொல்லியிருக்காங்க மச்சான். நோயக் கண்டுபிடிச்சவங்க விடாம பாத்துட்டு இருக்கணுமாம்."

டாக்டர் அப்படியெல்லாம் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பே வராமல் சொன்னேன். அவன் தங்கையைப் பார்த்தான். அவள் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. மறுநாள் மாமியார் அவளுக்குப் போன் செய்து அழுதார். அண்ணன் பாவம், தூங்குவதே இல்லை, மாப்பிள்ளையிடம் சொல்லி நிறுத்தச் சொல் என்றாராம். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் பேசியது எனக்குக் கேட்டது. "டிவில போட்டப்ப நீயும்தானம்மா சிரிச்ச. இதையும் பாக்கச் சொல்லு."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வெந்நீர்ப் பை மட்டும் திரும்பி வந்திருந்தது. சில காலைகளில், வீடியோ எடுக்கும்போது போன் நடுங்கியிருப்பது பிறகு பார்க்கும்போது தெரியும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். 'சாதாரணமா எந்திரிங்க' என்று சொன்னவள் அவள்தான். எழுந்ததும் குனிந்து என் ஷூ கயிற்றைக் கட்டிவிடுகிறவளும் அவள்தான். ஒட்டிப்போன எலும்பு அந்த அளவுக்குக் குனிய விடுவதில்லை, இனியும் விடாது.

ஊசி மெல்ல மெல்ல வேலை செய்தது. இரவில் எழுந்து நடப்பது நின்றது. குதிகால் தரையைத் தொட்டால் தரையாகவே இருந்தது. வீடியோக்கள் நாளுக்கு நாள் சிறியதாகிக்கொண்டே வந்தன. புரளுவது போனது, பிறகு முனகல் போனது. டாக்டரம்மா மகிழ்ச்சியாகப் பதில் போட்டார். எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் உள்ளே ஒன்று உறுத்தியது. டிப்போவில் பார்த்தேன், மச்சான் முகம் தெளிந்துகொண்டு வந்தது. கன்னம்கூடக் கொஞ்சம் சதை போட்டிருந்தது. மறுபடியும் டீக்கடை நடுவில் நின்று பேச ஆரம்பித்திருந்தான்.

பிறகு அந்தக் காலை வந்தது. கண் விழித்தேன். எழுந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான். உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்துவிட்டேன் என்றே தெரிந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எல்லா மனிதர்களையும் போல எழுந்திருக்கிறேன். அடுத்த நிமிடமே, இதைப் பார்த்து அவன் டீயை ருசித்துக் குடிப்பான் என்று தோன்றியது. மூன்று வருடத்துக்கு இவ்வளவுதானா? அவன் கணக்கு இத்தனை சீக்கிரம் தீர்ந்துவிடுமா?

என் மனைவி கையைத் துடைத்தபடி போனை எடுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. நான் சட்டென்று மறுபடியும் படுத்துக்கொண்டேன்.

அவள் வந்து போனை உயர்த்தினாள். நான் ஒருக்களித்துப் புரண்டேன். காலை மெதுவாக வெளியே தள்ளினேன். முனகினேன். வாழ்க்கையில் முதல்முறையாக நடித்தேன், எல்லாரும் எந்தக் குற்றத்தைச் சுமத்தினார்களோ அதையே செய்தேன். கையை ஊன்றி எழுந்து பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் போனைக் கீழே இறக்கிவிட்டிருந்தாள். வயிற்றுவலி என்று அழும் பிள்ளையைப் பார்க்கிற அதே பார்வை. ஒளித்துவைக்க எனக்கு இடமில்லை. நிஜ வலியைப் பொய் என்றவள், பொய் வலியைப் பார்த்ததும் கண்டுகொண்டாள்.

அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் இப்போது எடுத்ததை அழித்தாள். ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கி என் முகத்தில் வெளிச்சம் விழும்படி செய்தாள். கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் நின்று போனை மறுபடியும் உயர்த்தினாள்.

"திரும்பப் படுங்க. இது ரொம்ப வேகம், அண்ணன் நம்ப மாட்டாரு. முனகறத கொஞ்சம் கம்மி பண்ணுங்க, நீங்க என்னிக்கும் அவ்வளவு சத்தமா முனகுனதில்ல. பல்லத்தான் கடிப்பீங்க."